‘நீங்களும்தானே ஓட்டு போட்டீங்க?’ - ஈராக் போர் நியாயமா என்ற சண்டை அமெரிக்காவில் ஏன் முடியவே இல்லை?

2005 நவம்பர் 1, செவ்வாய்க்கிழமை. அமெரிக்க செனட் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது. திடீரென எழுந்த ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹாரி ரீட், யாரும் எதிர்பாராத ஒரு விதியைக் கையில் எடுத்தார். சபையை ரகசியக் கூட்டமாக மாற்றும் விதி அது. அதைத் தடுக்க ஆளுங்கட்சியால் முடியாது. பார்வையாளர்களும் செய்தியாளர்களும் வெளியேற்றப்பட்டனர். கதவுகள் மூடப்பட்டன. சபையைக் கடத்திவிட்டார்கள் என்று கொதித்தார் குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் பில் ஃப்ரிஸ்ட்.

சுமார் இரண்டு மணி நேரம் பூட்டிய கதவுக்குப் பின்னால் நடந்த அந்தச் சண்டைக்கு ஒரே காரணம், ஈராக் போர். போர் தொடங்கி இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை. உளவுத் தகவல் தவறு என்பது அதற்குள் உறுதியாகிவிட்டது. ‘அந்தத் தகவலை அரசு எப்படிப் பயன்படுத்தியது?’ என்ற விசாரணையை மட்டும் ஆளுங்கட்சி இழுத்தடிக்கிறது என்பது ஜனநாயகக் கட்சியின் புகார்.

பத்து நாள் கழித்து, நவம்பர் 11 அன்று, அதிபர் ஜார்ஜ் புஷ் பென்சில்வேனியாவில் பதிலடி கொடுத்தார். அதே உளவுத் தகவலைப் பார்த்த நூற்றுக்கும் மேற்பட்ட ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களும் ஆதரவாகத்தான் வாக்களித்தார்கள், இப்போது வரலாற்றைத் திருத்தி எழுதுகிறார்கள் என்பது அவர் வாதம். சுருக்கமாகச் சொன்னால், ‘நீங்களும்தானே ஓட்டு போட்டீங்க?’

‘பொய் சொல்லிப் போருக்குப் போனார்கள்’ என்பது ஒரு பக்கம். ‘நீங்களும்தான் நம்பினீர்கள்’ என்பது இன்னொரு பக்கம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த இரண்டு வரிகளைத் தாண்டி அந்தச் சண்டை நகரவில்லை. ஏன்? இரண்டில் எது உண்மை? விரிவாகப் பார்க்கலாம்.

வாக்கெடுப்பில் நடந்தது என்ன?

2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து ஓராண்டு முடிந்திருந்த நேரம். ஈராக் மீது படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம், 2002 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்தது.

அக்டோபர் 10 அன்று பிரதிநிதிகள் சபையில் 296-133 என்ற கணக்கில் நிறைவேறியது. நள்ளிரவைத் தாண்டி செனட்டில் 77-23. அதிபர் கையெழுத்திட்டது அக்டோபர் 16.

கட்சிவாரியாகப் பிரித்துப் பார்த்தால்தான் பின்னால் வந்த சண்டை புரியும். பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியினர் 215 பேர் ஆதரவு, 6 பேர் மட்டும் எதிர்ப்பு. ஜனநாயகக் கட்சியில் 81 பேர் ஆதரவு, 126 பேர் எதிர்ப்பு. செனட்டில் குடியரசுக் கட்சியில் எதிர்த்தவர் லிங்கன் சாஃபி ஒருவர்தான். ஜனநாயகக் கட்சியில் 29 பேர் ஆதரவு, 21 பேர் எதிர்ப்பு.

அதாவது குடியரசுக் கட்சி ஏறக்குறைய ஒரே குரலில் நின்றது. ஜனநாயகக் கட்சி இரண்டாக உடைந்தது. ஆதரித்தவர்களில் ஜான் கெர்ரி, ஹிலாரி கிளின்டன், ஜோ பைடன் என மூன்று பெயர்கள் முக்கியமானவை. மூவருமே பின்னாளில் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆனார்கள். மூவரையும் அந்த ஒரு ஓட்டு விடாமல் துரத்தியது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இடைக்காலத் தேர்தல் நவம்பர் 5-ம் தேதி. வாக்கெடுப்புக்கும் தேர்தலுக்கும் நடுவில் நான்கு வாரம்கூட இல்லை. செப்டம்பர் 11-ன் ரணம் ஆறாத நாட்டில், ‘பாதுகாப்பு விஷயத்தில் பலவீனமானவர்’ என்ற முத்திரையோடு ஓட்டு கேட்கப் போக யாருக்குத் துணிச்சல் வரும்?

குடியரசுக் கட்சி சொல்லும் நியாயம் என்ன?

‘புஷ் பொய் சொன்னார்’ என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. அந்தப் பக்கத்தின் வாதத்திலும் கனம் இருக்கிறது.

முதலாவது, சதாம் உசேனின் கடந்த காலம். 1988-ல் ஹலப்ஜா நகரில் சொந்த நாட்டுக் குர்து மக்கள் மீதே ரசாயன ஆயுதம் வீசியவர் அவர். ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1990-ல் குவைத்தை ஆக்கிரமித்தார். 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு உள்ளே போன ஐ.நா. ஆய்வாளர்கள், ஈராக்கின் அணு ஆயுதத் திட்டம் வெளியுலகம் நினைத்ததைவிட மிகவும் முன்னேறியிருந்ததைக் கண்டார்கள். ‘அன்று குறைத்து மதிப்பிட்டு ஏமாந்தோம், மறுபடியும் ஏமாறக் கூடாது’ என்ற எண்ணம் உளவுத்துறைக்குள் ஊறிப்போயிருந்தது.

இரண்டாவது, இந்தக் கொள்கையின் ஆரம்பமே புஷ் இல்லை. சதாம் ஆட்சியை அகற்றுவது அமெரிக்காவின் கொள்கை என்று சொல்லும் ‘ஈராக் விடுதலைச் சட்டம்’ 1998-லேயே வந்துவிட்டது. பிரதிநிதிகள் சபையில் 360-38, செனட்டில் ஒருமனதாக ஆதரவு. கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சி அதிபர் பில் கிளின்டன். அதே ஆண்டு டிசம்பரில் ஈராக் மீது நான்கு நாள் குண்டு வீசியதும் அவர் அரசுதான். ‘உங்க தலைவரே சொன்னதைத்தானே நாங்களும் சொன்னோம்?’ என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது.

மூன்றாவது, விசாரணை முடிவுகள். செனட் உளவுக் குழு 2004 ஜூலையில் இரு கட்சிகளின் ஒப்புதலோடு வெளியிட்ட அறிக்கை, உளவுத்துறையின் முக்கிய முடிவுகளில் பெரும்பாலானவை மிகைப்படுத்தப்பட்டவை அல்லது ஆதாரமற்றவை என்றது. ஆனால், முடிவை மாற்றச் சொல்லி அதிகாரிகள் ஆய்வாளர்களை மிரட்டியதற்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. அந்தக் கடைசி வரியை ஏற்காத ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் சிலர் தனிக் குறிப்பு எழுதினர். 2005-ல் வந்த ராப்-சில்பர்மேன் ஆணையமும் உளவுத்துறை முழுக்கத் தவறிவிட்டது என்றே சொன்னது. அதிபருக்குத் தினமும் காலையில் தரப்பட்ட உளவுக் குறிப்புகள் இன்னும் அச்சமூட்டும் தொனியில், சந்தேகங்களைச் சொல்லாமல் இருந்தன என்றும் அது கண்டறிந்தது.

‘அதிபரையும் சேர்த்துத்தான் உளவுத்துறை ஏமாற்றியது. ஏமாந்தவரைப் பொய்யர் என்பது என்ன நியாயம்?’ - இதுதான் குடியரசுக் கட்சியின் தரப்பு.

ஜனநாயகக் கட்சியின் பதில் என்ன?

‘தகவல் தவறு என்பது பாதிக் கதைதான். அந்தத் தகவலில் இருந்த சந்தேகங்களை அரசு மென்று விழுங்கிவிட்டது என்பது மீதிக் கதை’ என்கிறது இந்தத் தரப்பு.

2002 ஆகஸ்ட் 26 அன்று துணை அதிபர் டிக் செனி, சதாமிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதில் சந்தேகமே இல்லை என்று பேசினார். செப்டம்பர் 8 அன்று தேசிய பாதுகாப்பு ஆலோசகர் காண்டலீசா ரைஸ், உறுதியான ஆதாரத்துக்காகக் காத்திருந்தால் அது அணுகுண்டுப் புகையாகத்தான் வந்து சேரும் என்ற பொருளில் தொலைக்காட்சியில் எச்சரித்தார். அதே படிமத்தை வாக்கெடுப்புக்கு மூன்று நாள் முன்பு புஷ்ஷும் சின்சினாட்டியில் பயன்படுத்தினார்.

அந்த சின்சினாட்டி உரையில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. ஈராக் ஆப்பிரிக்காவிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றது என்ற வரி முதலில் வரைவில் இருந்தது. சி.ஐ.ஏ. தலைவர் ஜார்ஜ் டெனட் தலையிட்டு, அதை நீக்கச் செய்தார். ஆனால் 2003 ஜனவரி 28 அன்று, நாடே பார்க்கும் ஆண்டு உரையில் அதே கருத்து திரும்ப வந்தது. இந்த முறை பிரிட்டிஷ் அரசைச் சான்றாகக் காட்டி. அந்தக் குற்றச்சாட்டோடு தொடர்புடைய நைஜர் ஆவணங்கள் போலி என்று சர்வதேச அணுசக்தி முகமை மார்ச் மாதமே சொல்லிவிட்டது. அந்த வரி உரையில் இடம்பெற்றிருக்கக் கூடாது என்று வெள்ளை மாளிகை ஒப்புக்கொண்டது ஜூலையில். அதற்குள் பாக்தாத் வீழ்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

ரீட் கதவைப் பூட்டிக் கேட்ட அந்த இரண்டாம் கட்ட விசாரணை அறிக்கை வர 2008 ஜூன் ஆகிவிட்டது. 10-5 என்ற வாக்கில் நிறைவேறிய அதில் குடியரசுக் கட்சியினர் இருவரும் ஆதரவாக ஓட்டு போட்டனர். அறிக்கையின் முடிவு இரண்டு பக்கத்தையும் முழுதாகத் திருப்திப்படுத்தவில்லை. அணு ஆயுதம் பற்றி அரசு சொன்னவை பொதுவாக உளவு மதிப்பீட்டை ஒட்டியே இருந்தன. ஆனால் உள்ளே இருந்த கடுமையான கருத்து வேறுபாடுகளை அரசு சொல்லவில்லை. சதாமும் அல்-கொய்தாவும் கூட்டாளிகள் என்ற ரீதியில் சொன்னவற்றுக்கோ உளவுத் தகவலின் ஆதரவே இல்லை.

அந்தக் காகிதத்தில் உண்மையில் என்ன இருந்தது?

கட்சிகளின் வாதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ஆவணத்தைப் பார்த்தால் படம் கொஞ்சம் தெளிவாகிறது.

வாக்கெடுப்புக்கு முன் ‘தேசிய உளவு மதிப்பீடு’ என்ற ஆவணம் தயாரானது. அதைக் கேட்டு வாங்கியதே ஜனநாயகக் கட்சி செனட்டர்கள்தான். மூன்று வாரத்துக்குள் அவசர அவசரமாகத் தயாரித்த அந்த ஆவணம் 90 பக்கங்களுக்கு மேல். ஈராக்கிடம் ரசாயன, உயிரியல் ஆயுதங்கள் இருக்கின்றன, அணு ஆயுதத் திட்டத்தை மறுபடி தொடங்கிவிட்டது என்பது அதன் சாரம்.

ஆனால் அதற்குள்ளேயே மறுப்பும் பதிவாகியிருந்தது. உதாரணம், அலுமினியக் குழாய்கள். ஈராக் வாங்க முயன்ற ஆயிரக்கணக்கான குழாய்கள், யுரேனியத்தைச் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜ் எந்திரத்துக்கானவை என்றது சி.ஐ.ஏ. சென்ட்ரிஃபியூஜ் பற்றி அமெரிக்க அரசில் அதிகம் தெரிந்தவர்கள் எரிசக்தித்துறை நிபுணர்கள். அவர்களோ, ‘இந்த அளவு அதற்குப் பொருந்தாது, சாதாரண ராக்கெட்டுக்கான குழாய்’ என்றார்கள். வெளியுறவுத்துறையின் உளவுப் பிரிவு, அணு ஆயுதத் திட்டம் மறுபடி தொடங்கியதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று தனியாக எழுதிவைத்தது.

பொதுமக்களுக்கு வெளியிட்ட சுருக்கமான பதிப்பில் இந்தத் தயக்கங்கள் பெரும்பாலும் காணாமல் போயின. ‘இப்படி மதிப்பிடுகிறோம்’ என்று இருந்த இடங்கள், ‘இப்படித்தான் இருக்கிறது’ என்ற தொனிக்கு மாறின.

சரி, முழு ஆவணம் செனட்டர்களுக்குக் கிடைக்காமல் போனதா? இல்லை. பாதுகாக்கப்பட்ட அறைக்கு நேரில் போய் எந்தச் செனட்டரும் படித்திருக்கலாம். ஐந்து பக்கச் சுருக்கத்தைத் தாண்டிப் படித்த செனட்டர்கள் ஆறு பேருக்கு மேல் இல்லை என்று பின்னர் ‘வாஷிங்டன் போஸ்ட்’ செய்தி வெளியிட்டது. முழு ஆவணத்தைத் தாம் படிக்கவில்லை, அதிகாரிகள் விளக்கக் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று ஹிலாரி கிளின்டனே பின்னாளில் சொன்னார்.

படித்தவர்களில் ஒருவர் பாப் கிரஹாம். அப்போது செனட் உளவுக் குழுவின் தலைவர், ஜனநாயகக் கட்சிக்காரர். படித்துவிட்டு எதிர்த்து வாக்களித்தார்.

‘ஆயுதம் இருக்கு’ என்பதும் ‘போர் வேண்டும்’ என்பதும் ஒன்றா?

இரண்டு கட்சிகளுமே தாண்டிப்போகும் இடம் இதுதான்.

‘பேரழிவு ஆயுதம்’ என்ற ஒரே சொல்லுக்குள் ரசாயனம், உயிரியல், அணு ஆகிய மூன்றையும் போட்டுக் கட்டிவிட்டார்கள். சதாமிடம் பழைய ரசாயன ஆயுதங்கள் மிச்சம் இருக்கும் என்று அன்று பலரும் நம்பினார்கள், போரை எதிர்த்த நாடுகளில் இருந்தவர்கள் உட்பட. ஆனால் மக்களைப் பயமுறுத்தியது மிச்சமிருக்கும் ரசாயனக் குண்டு இல்லை, அணுகுண்டுதான். மூன்றில் ஆதாரம் மிகவும் நோஞ்சானாக இருந்ததும் அதற்குத்தான்.

அதைவிட முக்கியமானது வேறொன்று. ஆயுதம் இருப்பதாக நம்பியவர்கள் எல்லோரும் போரை ஆதரிக்கவில்லை. செனட்டர் எட்வர்ட் கென்னடி, சதாம் ஆபத்தானவர் என்பதை மறுக்கவே இல்லை. ஆனால் உடனடி அச்சுறுத்தல் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி, எதிர்த்து ஓட்டு போட்டார். செனட்டர் கார்ல் லெவின், ‘முதலில் ஐ.நா. ஒப்புதல் வாங்குங்கள்’ என்று திருத்தம் கொண்டுவந்தார். அது 24-75 என்று தோற்றது. அவரும் தீர்மானத்தை எதிர்த்தார்.

ஆக, ‘எல்லோரும்தானே நம்பினோம்’ என்பது உண்மையாகவே இருந்தாலும், கேள்விக்கு அது பதில் ஆகாது. நம்பிக்கை ஒன்று, முடிவு வேறொன்று. பக்கத்து வீட்டுக்காரரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தெருவே நம்பலாம். அதற்காக நள்ளிரவில் அவர் வீட்டுக் கதவை உடைக்கலாமா என்பது தனிக் கேள்வி.

அக்டோபரா, மார்ச்சா?

வாக்கெடுப்பு நடந்தது 2002 அக்டோபரில். போர் தொடங்கியது 2003 மார்ச் 20-ல். நடுவில் ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் நிறைய மாறிவிட்டது.

நவம்பர் 8 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை 1441-வது தீர்மானத்தை 15-0 என நிறைவேற்றியது. அந்த மாதக் கடைசியில் ஆய்வாளர்கள் மறுபடி ஈராக்குக்குள் நுழைந்தார்கள். 700-க்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன. 2003 பிப்ரவரி 5 அன்று, வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா.வில் படங்களோடும் ஒலிப்பதிவுகளோடும் அமெரிக்காவின் வாதத்தை வைத்தார். உயிரியல் ஆயுதங்களை லாரிகளில் வைத்துத் தயாரிக்கிறார்கள் என்று அவர் சொன்னதற்கு முக்கிய ஆதாரம், ‘கர்வ்பால்’ என்ற சங்கேதப் பெயர் கொண்ட, ஜெர்மனியில் தஞ்சமடைந்த ஒரு ஈராக்கியர். அதுவரை அமெரிக்க உளவுத்துறை அவரை நேரடியாக விசாரித்திருக்கவே இல்லை. தாம் சொன்னது பொய் என்று 2011-ல் அவரே ஒப்புக்கொண்டார். அந்த உரை தம் வாழ்க்கையில் ஒரு கறை என்று பவலும் பின்னாளில் வருந்தினார்.

மார்ச் 7 அன்று ஐ.நா.வில் இரண்டு அறிக்கைகள் வைக்கப்பட்டன. குழாய்கள் ராக்கெட்டைத் தவிர வேறெதற்கும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றார் அணுசக்தி முகமைத் தலைவர் முகமது எல்பராதி. ஈராக்கின் ஒத்துழைப்பு முழுமையானதல்ல, ஆனால் மேம்பட்டிருக்கிறது. மிச்சப் பணியை முடிக்கச் சில மாதங்கள் வேண்டும் என்றார் தலைமை ஆய்வாளர் ஹான்ஸ் பிளிக்ஸ். அவர் கேட்டது ஆண்டுகள் அல்ல, மாதங்கள்.

இரண்டே வாரத்துக்குள் போர் தொடங்கிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது: அமெரிக்க நாடாளுமன்றம் மார்ச்சில் மறுபடி வாக்களிக்கவில்லை. அக்டோபரில் கொடுத்த காசோலை போதுமானதாக இருந்தது. அதனால் இரு கட்சியும் அக்டோபரைச் சுற்றியே சண்டை போடுகின்றன. ‘அன்றைக்குத் தெரிந்ததை வைத்து ஓட்டு போட்டோம்’ என்று ஜனநாயகக் கட்சியினர் தப்பிக்கிறார்கள். ‘நீங்களும்தானே போட்டீர்கள்’ என்று குடியரசுக் கட்சியினர் தப்பிக்கிறார்கள். மார்ச்சில், ஆய்வாளர்கள் உள்ளே இருந்தபோது, ஏன் காத்திருக்க முடியவில்லை என்ற கேள்விக்கு அமெரிக்கத் தேர்தல் மேடைகளில் யாரும் சரியாகப் பதில் சொன்னதில்லை.

ஆயுத வேட்டைக்குத் தலைமை தாங்கிய டேவிட் கே, 2004 ஜனவரியில் செனட் குழு முன்பு, தம்மையும் சேர்த்து ஏறக்குறைய எல்லோருமே தவறிவிட்டோம் என்று சாட்சி சொன்னார். அவருக்குப் பின் வந்த சார்லஸ் டியூல்ஃபரின் அறிக்கை, ஆயுதக் கையிருப்பு இல்லை, திட்டங்கள் 1991-க்குப் பிறகு சிதைந்துவிட்டன என்றது. பொருளாதாரத் தடை நீங்கியதும் மறுபடி தொடங்கும் ஆசை சதாமுக்கு இருந்தது என்றும் சொன்னது. ஒரே அறிக்கையின் முதல் பாதியை ஒரு கட்சியும், இரண்டாம் பாதியை இன்னொரு கட்சியும் மேற்கோள் காட்டுகின்றன.

அந்த ஓட்டு யார் யாரைக் கவிழ்த்தது?

2004: ஜான் கெர்ரி. போருக்கு அதிகாரம் தந்து ஓட்டு போட்டவர், பின்னர் போருக்கான 8,700 கோடி டாலர் நிதிக்கு எதிராக ஓட்டு போட்டார். முதலில் ஆதரித்தேன், பிறகு எதிர்த்தேன் என்ற ரீதியில் அவர் கொடுத்த விளக்கம், ‘இவர் எந்தப் பக்கம்?’ என்று விளம்பரமாகவே மாறியது. போரை எதிர்க்கவும் முடியாமல் ஆதரிக்கவும் முடியாமல் தோற்றுப்போனார்.

2008: ஹிலாரி கிளின்டன். 2002 அக்டோபர் 2 அன்று சிகாகோ கூட்டத்தில் போரை எதிர்த்துப் பேசிய ஒரு மாகாண செனட்டர், ஆறு ஆண்டு கழித்து அந்த ஒரு உரையைக் காட்டியே அவரை ஓரங்கட்டினார். பெயர் பராக் ஒபாமா. தம் ஓட்டு தவறு என்று ஹிலாரி தெளிவாக எழுதியது 2014-ல் வெளிவந்த புத்தகத்தில்தான்.

2016: இந்த முறை குடியரசுக் கட்சியின் மேடை. பிப்ரவரி 13 விவாதத்தில், பேரழிவு ஆயுதம் விஷயத்தில் பொய் சொன்னார்கள் என்று டொனால்ட் டிரம்ப் போட்டு உடைத்தார். ஜனநாயகக் கட்சி பத்து ஆண்டுகளாகச் சொன்ன வரி அது. எதிரில் நின்றது புஷ்ஷின் தம்பி ஜெப் புஷ். அரங்கில் கூச்சல் எழுந்தது. ஒரே வாரத்தில் தென் கரோலினா தேர்தலில் டிரம்ப் ஜெயித்தார், ஜெப் போட்டியிலிருந்தே விலகினார். இத்தனைக்கும் 2002-ல் ஒரு வானொலிப் பேட்டியில் போரை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டபோது, டிரம்ப்பும் அரைமனதாக ஆமாம் போட்டவர்தான்.

மக்கள் மனமும் மாறியது. போர் தொடங்கிய சமயத்தில் பியூ ஆய்வு மையத்தின் கணிப்பில் பத்தில் ஏழு பேர் போர் சரி என்றார்கள். 2018-ல் அதே மையம் கேட்டபோது 48% பேர் தவறு என்றும், 43% பேர் சரி என்றும் சொன்னார்கள். குடியரசுக் கட்சிக்காரர்களில் பெரும்பான்மையினர் அப்போதும் சரி என்றே சொன்னார்கள். பதில், போரைப் பொறுத்து அமைவதைவிடக் கட்சியைப் பொறுத்தே அமைந்தது.

பிரிட்டனில் என்ன நடந்தது?

அங்கே கட்சிக் கணக்கு தலைகீழ். போருக்குப் போனது தொழிலாளர் கட்சியின் டோனி பிளேர். கை கொடுத்தது எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ். வாக்கெடுப்பு போருக்கு இரண்டு நாள் முன்பு, 2003 மார்ச் 18-ல் நடந்தது. ஆய்வாளர்களின் அறிக்கைகளைப் பார்த்த பிறகே எம்.பி.க்கள் ஓட்டு போட்டார்கள். 412-149 என அரசு ஜெயித்தாலும், பிளேரின் சொந்தக் கட்சியிலேயே 139 பேர் போருக்கு எதிரான திருத்தத்தை ஆதரித்தார்கள். மூத்த அமைச்சர் ராபின் குக் முந்தைய நாளே பதவியைத் தூக்கி எறிந்தார்.

2016 ஜூலை 6 அன்று வெளியான சில்காட் அறிக்கை, 12 தொகுதிகள், சுமார் 26 லட்சம் சொற்கள் கொண்டது. அமைதி வழிகள் தீரும் முன்பே போருக்குப் போனார்கள், அந்தச் சமயத்தில் அது கடைசி வழியாக இருக்கவில்லை என்று அது நேராகச் சொன்னது. ‘பொய்யா, தவறா’ என்பதோடு நிற்காமல், ‘அன்று அது தேவையா?’ என்றும் கேட்டதால் கிடைத்த பதில் அது. அமெரிக்காவில் அப்படி ஒரு விசாரணை நடக்கவே இல்லை.

இந்தியா எந்தப் பக்கம்?

டெல்லியில் ஒரே ஒரு சொல்லுக்காக இழுபறி நடந்தது. ‘கண்டிக்க வேண்டும்’ என்றன எதிர்க்கட்சிகள். அவ்வளவு தூரம் போக வாஜ்பாய் அரசு தயங்கியது. கடைசியில் 2003 ஏப்ரலில் மக்களவை ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானத்தில் ‘நிந்தா’ என்ற இந்திச் சொல் இடம்பெற்றது. கண்டனம் என்றும் கொள்ளலாம், வருத்தம் கலந்த அதிருப்தி என்றும் கொள்ளலாம். ஆளுக்கொரு அர்த்தம், இரண்டு பக்கமும் திருப்தி.

அடுத்து அமெரிக்கா இந்தியப் படைகளை ஈராக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டது. ஆளும் தரப்பிலேயே ஆதரவுக் குரல்கள் இருந்தன. எதிர்ப்பும் வலுத்தது. ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லாமல் படை அனுப்ப முடியாது என்று ஜூலை 14 அன்று பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு முடிவெடுத்தது.

இன்று இது ஏன் முக்கியம்?

2002-ல் போட்ட அந்தத் தீர்மானம், சதாம் தூக்கிலிடப்பட்ட பிறகும், அமெரிக்கப் படை வெளியேறிய பிறகும் சட்டமாகவே நீடித்தது. 2020 ஜனவரியில் ஈரான் தளபதி காசிம் சுலைமானியை பாக்தாத்தில் கொன்றபோது, டிரம்ப் அரசு காட்டிய சட்ட ஆதாரங்களில் அதுவும் ஒன்று. ஈராக்குக்காகக் கொடுத்த அனுமதி, பதினேழு ஆண்டு கழித்து ஈரான் தளபதிக்குப் பயன்பட்டது. 2023 மார்ச் 29 அன்று அதை ரத்துசெய்ய செனட் 66-30 என வாக்களித்தது. பிரதிநிதிகள் சபை அந்த மசோதாவைக் கையில் எடுக்கவே இல்லை.

போரின் விலை? அமெரிக்க வீரர்கள் சுமார் 4,500 பேர். ‘ஈராக் பாடி கவுண்ட்’ அமைப்பு ஆவணங்களோடு பதிவு செய்த ஈராக்கியப் பொதுமக்களின் மரணம் மட்டும் 1.8 லட்சத்துக்கு மேல். சதாமின் கொடுங்கோல் ஒழிந்தது உண்மை. அதன் பிறகு மதக்கலவரமும் ஐ.எஸ். அமைப்பும் வந்ததும் உண்மை.

‘புஷ் பொய் சொன்னாரா?’ என்று இன்றும் அமெரிக்காவில் கேட்டால், கேட்பவரின் கட்சியைத் தெரிந்துகொண்டுதான் பதில் வரும். ‘மார்ச்சில் இன்னும் சில மாதம் ஏன் காத்திருக்கவில்லை?’ என்று கேட்டால், இரண்டு கட்சியிலும் பதில் சொல்ல ஆள் குறைவு. அடுத்த போருக்கான ஆவணமும் ஏதோ ஒரு பூட்டிய அறையில்தான் இருக்கும். அதைப் போய்ப் படித்துப் பார்த்துவிட்டு ஓட்டு போடுபவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. போன முறை நூறு செனட்டர்களில் ஆறு பேருக்கு மேல் தேறவில்லை என்றே சொல்லப்பட்டது.